முன் ஷாஃப்ட் கழன்ற மினி டிராக்டர்: பற்றவைப்பதா, கடைவதா, பழையதா, புதியதா?

ஆவணி கடைசியில் செட்டிநாட்டுப் பக்கம் கண்மாய்கள் காய்ந்துதான் கிடக்கும். ஆனால் புழுதி உழவு முடிந்தாக வேண்டும். மழை இறங்குவதற்குள் விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் மினி டிராக்டரின் வயிற்றுக்கடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகு இரும்போடு இரும்பு மோதும் கடகடப்பு. இறங்கிக் குனிந்து பார்த்தால் முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் ஒரு முனையில் கழன்று தொங்கும்.

தேவகோட்டைக்கும் கல்லலுக்கும் நடுவே எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. 24 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு சொந்த வயலையும் உழுகிறேன், அக்கம்பக்கத்து வயல்களுக்கும் வாடகைக்குப் போகிறேன். ஷாஃப்ட் கழன்றுபோனவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “பக்கத்துப் பட்டறையில் பற்றவைத்துவிடலாமா, கம்பெனி சாமானுக்குக் காத்திருக்க வேண்டுமா?” இந்த இரண்டுக்கும் நடுவே இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. அவசரத்தில் அவை யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

இங்கே நான் பேசுவது நான்கு சக்கரங்களும் இழுக்கும் மினி டிராக்டர்களில், கியர்பாக்ஸிலிருந்து முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டைப் பற்றி. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட் வேறு. அது வண்டிக்கு வெளியே இருக்கிறது, கடையில் எளிதாகக் கிடைக்கிறது, அதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

## முடிவெடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

முதல் கேள்வி, உண்மையில் எது போயிருக்கிறது என்பது. பெரும்பாலான மினி டிராக்டர்களில் இந்த ஷாஃப்டின் இரு முனைகளிலும் நீளவாட்டில் பற்கள் வெட்டியிருக்கும். ஸ்ப்லைன் என்பது அதுதான். அந்தப் பற்களின் மேல் கப்ளிங் என்ற, உள்ளே பல் வெட்டிய இணைப்புக் குழாய் ஏறி உட்கார்ந்திருக்கும். அது கழன்று வராமல் ஒரு ரோல் பின்னோ (நீளவாட்டில் பிளவுள்ள குழாய் ஆணி) சர்க்ளிப்போ (பிடிப்பு வளையம்) பிடித்துக்கொண்டிருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரு குழாய் உறை மூடியிருக்கும். சில மாடல்களில் கப்ளிங்குக்குப் பதிலாகக் கிராஸும் யோக்கும் (மூட்டுப்போல் மடங்கும் இணைப்பு) இருக்கும். ‘ஷாஃப்ட் போய்விட்டது’ என்று வருகிற வண்டிகள் பலவற்றில் ஷாஃப்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரோல் பின் அறுந்திருக்கும், கப்ளிங் பின்னால் வழுக்கியிருக்கும், அவ்வளவுதான். அதே அளவுப் புதிய பின்னைப் போட்டால் வேலை முடிந்தது. அப்படிப்பட்டவர்கள் அடுத்த பகுதியை மட்டும் படித்தால் போதும்.

பற்களை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் கத்திமுனை மாதிரி கூராகிவிட்டிருக்கும். கப்ளிங்கை ஏற்றிவைத்து இரு பக்கமும் திருப்பினால் அது கையில் தெரியும்படி ஆடக் கூடாது. ஆடுகிறது என்றால் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறதா, கப்ளிங் தேய்ந்திருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். செலவு ஆயிரத்தில் நிற்குமா, பல ஆயிரத்துக்குப் போகுமா என்பது அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

இரண்டாவது, வண்டி ஒரு நாள் நின்றால் உங்களுக்கு எவ்வளவு நட்டம். ஒரு கணக்குக்கு மணிக்கு 1,000 ரூபாய் வாடகை, நாளைக்கு 6 மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். சாமானுக்காக 5 நாள் நின்றால் 30,000 ரூபாய் வரவு போகிறது. டீசலும் ஆள் கூலியும் போக மிஞ்சுவது அதில் பாதியாக இருந்தாலும் 15,000. இதே 5 நாள் பங்குனியில் வந்தால் நட்டம் அநேகமாக ஒன்றுமில்லை. ஆகவே பங்குனியில் எடுக்கும் முடிவும் புரட்டாசியில் எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றாவது, முன் சக்கர இழுவை உங்களுக்கு எதற்குத் தேவைப்படுகிறது. செம்மண்ணில் காய்ந்த உழவு ஓட்டுகிறவருக்கும், கண்மாய்க்கு அடியிலுள்ள வயலில் தொளி அடிக்கிற (சேற்று உழவு ஓட்டுகிற) வருக்கும், முன்னால் லோடர் மாட்டி மண் அள்ளுகிறவருக்கும் பதில் வேறு வேறு.

நான்காவது, உத்தரவாதம். வண்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் வெளிப் பட்டறையில் எதையும் வெட்டவோ பற்றவைக்கவோ விடாதீர்கள். முதலில் விற்பனையாளரிடம் புகாரைப் பதிவுசெய்யுங்கள்.

ஐந்தாவதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். அதற்குத் தனியாகவே இடம் வேண்டும்.

## ஏன் கழன்றது?

என் வண்டியில் முதல் முறை கழன்றபோது உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே கறுத்துப்போன கிரீஸ். ஒரு விரல் எடுத்து வெயிலில் பிடித்தால் வெள்ளித் தூள் கலந்ததுபோல் மினுமினுத்தது. எல்லாம் பல் தேய்ந்த துகள். ரோல் பின் இருக்க வேண்டிய துளையில் இரண்டாக அறுந்த கம்பித் துண்டு ஒன்று இருந்தது. யாரோ முன்பு கையில் கிடைத்த ஆணியை வெட்டி அடித்திருக்கிறார்கள். அது துளையை நிறைக்காமல் உள்ளே ஆடி ஆடித் துளையையே நீள்வட்டமாக்கியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சர்வீஸ் பார்த்த இடத்தில் நடந்த வேலை அது. அன்று நான் உறையைத் திறந்து காட்டச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஆணி ஒரு காரணம். பொதுவாக இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்த வண்டிகளில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்றே அதிக தூரம் ஓடும்படிதான் கியர் அமைத்திருப்பார்கள். பெரும்பாலும் 1 முதல் 5 விழுக்காடு வரை. புழுதியிலும் சேற்றிலும் அந்த வித்தியாசம் சக்கரம் வழுக்குவதில் தீர்ந்துவிடும். தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. ஃபோர் வீல் லீவரைப் போட்டபடியே ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குச் சாலையில் ஓட்டினால் அத்தனை முறுக்கும் ஷாஃப்டில்தான் ஏறும். ஒரு நாள் ரோல் பின் அறுந்துபோகும். அது அறாவிட்டால் அதைவிட விலை உயர்ந்த ஏதோ ஒன்று அறும்.

டயரும் இதே வேலையைச் செய்யும். முன் டயர் தேய்ந்ததும் கடையில் இருக்கிற வேறு அளவை மாட்டிக்கொள்கிறோம்; அல்லது பின்னால் மட்டும் புதிது போட்டுவிட்டு முன்னால் மொட்டையாக விட்டுவிடுகிறோம். அந்த 1 முதல் 5 கணக்கு அதோடு குலைந்துவிடும். ஷாஃப்டைச் சரிசெய்த பிறகு இதைச் சோதித்துப் பார்க்க வயலில் 10 நிமிடம் போதும். முன் டயரிலும் பின் டயரிலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். ஃபோர் வீலை எடுத்துவிட்டு, பின் சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை நேராக ஓட்டி, முன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று கூட நடக்கும் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு ஃபோர் வீலைப் போட்டு அதே 10 சுற்று. முதலில் 17 சுற்று, இரண்டாவதில் 17 அரை என்று வந்தால் வித்தியாசம் ஏறக்குறைய 3 விழுக்காடு, நன்று. இரண்டும் ஒன்றாகவே வந்தாலோ, ஒரு முழுச் சுற்றுக்குமேல் வித்தியாசம் வந்தாலோ டயர் அளவையும் காற்றையும் பாருங்கள். உழுத மண்ணில்தான் இதைச் செய்ய வேண்டும். சாலையில் செய்யக் கூடாது.

இன்னொரு சோதனையை ஷாஃப்ட் கழன்று கிடக்கும்போதே செய்யலாம். முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, ஒரு முன் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அது வழுவழுப்பாகச் சுற்ற வேண்டும். இடையில் தட்டுகிறது, இறுகுகிறது என்றால் கோளாறு முன் அச்சுக்குள் இருக்கிறது. ஷாஃப்டை அறுத்ததே அதுதான். முன் அச்சு ஆயிலில் கொஞ்சம் இறக்கி வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். இரும்புத் துண்டுகள் தெரிந்தால் கீழே சொல்லும் எந்த வழியிலும் காசைப் போடாதீர்கள். அச்சைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

## வழி 1: ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பின் சக்கரத்தில் ஓட்டுவது

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. விதைப்பு நேரத்தில் நான் முதலில் யோசிப்பது இதைத்தான். ஷாஃப்டையும் இரு முனைக் கப்ளிங்குகளையும் முழுவதுமாக எடுத்துவிட்டால் வண்டி சாதாரண இருசக்கர இழுவை டிராக்டர் ஆகிறது. காய்ந்த செம்மண்ணில், ஆழம் கொஞ்சம் குறைத்து, ஒரு கியர் கீழே போட்டு ஓட்டினால் விதைப்பை முடித்துவிடலாம். அந்த நாட்களில் நல்ல சாமானைத் தேடி நிதானமாக வாங்கலாம்.

முழுவதுமாக எடுப்பது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு முனை மாட்டியபடி, மறுமுனையைக் கம்பியால் கட்டிவைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லீவர் தற்செயலாக விழுந்தால் அந்த ஷாஃப்ட் சாட்டையாகச் சுழலும். ஸ்டியரிங் ஆயில் ஹோஸையோ எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தட்டையோ அடித்துக் கிழிக்கும். கழற்றிய பிறகு ஃபோர் வீல் லீவரை வெளியே எடுத்த நிலையில் கம்பி போட்டுக் கட்டுங்கள். திறந்து நிற்கும் பல் முனைகளுக்குக் கிரீஸ் பூசி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடுங்கள். சில மாடல்களில் குழாய் உறைதான் ஆயில் வெளியேறாமல் தடுக்கிறது. கழற்றும் முன் உங்கள் மாடலைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இதன் மறைமுக விலை பிரேக்கில் இருக்கிறது. பல மினி டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான். ஃபோர் வீல் போட்டிருக்கும்போது ஷாஃப்ட் வழியாக முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். ஷாஃப்ட் இல்லாவிட்டால் அந்தப் பிடிப்பு இல்லை. கண்மாய்க் கரையிலிருந்து டிரெய்லரோடு வயலுக்குள் இறங்கும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முன்னால் லோடர் இருந்தால் இந்த வழியே வேண்டாம். வாளியில் மண் நிறைந்ததும் பின் சக்கரம் லேசாகிவிடும்; இழுவையும் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். தொளி உழவுக்கும் இது ஆகாது. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டினாலும் வண்டி சேற்றில் புதைந்து, இழுக்க வேறொரு வண்டியைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

## வழி 2: பற்றவைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதிகமாக நடப்பதும் அதிகமாகக் கெடுப்பதும் இதுதான்.

பற்றவைப்பதில் இரண்டு வகை. ஒன்று, அறுந்த ஷாஃப்டை ஒட்டுவது. மற்றது, பல் தேய்ந்து வழுக்கும் கப்ளிங்கை ஷாஃப்டோடு சேர்த்துப் பற்றவைத்து ‘இனிமேல் கழலவே கழலாது’ என்று கொடுப்பது.

இரண்டாவதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கப்ளிங் பல்லின் மேல் சிறிது முன்னும் பின்னும் நகர வேண்டிய பொருள். முன் அச்சு மேடு பள்ளத்தில் ஊசலாடும்போது வரும் சிறிய இழுப்பையும் தள்ளலையும் அந்த நகர்வுதான் வாங்கிக்கொள்கிறது. அதைப் பற்றவைத்துவிட்டால் அந்தத் தள்ளல் நேரே கியர்பாக்ஸ் முனையிலுள்ள பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் போகும். புதுவயல் பக்கத்தில் என் மைத்துனர் வண்டிக்கு ஒரு பட்டறையில் இப்படித்தான் செய்து கொடுத்தார்கள். மூன்று மாதம் ஓடியது. பிறகு கியர்பாக்ஸ் முனையில் ஆயில் கசிவு. சீல் மாற்ற வேண்டுமென்றால் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். பற்றவைத்த ஷாஃப்ட் கழலுமா? கிரைண்டர் போட்டு அறுத்தார்கள். ஷாஃப்டும் போயிற்று, கப்ளிங்கும் போயிற்று, சீலோடு பேரிங்கும் சேர்ந்து வந்தது. தொடக்கத்திலேயே புதிய சாமான் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல் இரு மடங்குக்குமேல் ஆனது.

அறுந்த ஷாஃப்டை ஒட்டுவதில் வேறு சிக்கல். இந்த மாதிரி ஷாஃப்டுகள் பொதுவாக நடுத்தர அளவு கரிமம் உள்ள எஃகு. சிலவற்றில் குரோமியமும் கலந்திருக்கும். சாதாரண இரும்புக் கதவுக்குப் பற்றவைப்பதுபோல் 6013 என்ற சாதாரண வெல்டிங் ராடை வைத்துச் சுடச்சுட ஒட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி ஆற்றினால், ஒட்டுக்குப் பக்கத்திலுள்ள இரும்பு கண்ணாடி மாதிரி கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அடுத்த அறுப்பு ஒட்டில் வராது. அதற்குச் சற்றே தள்ளி வரும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் 7018 போன்ற, ஹைட்ரஜன் குறைந்த, ஈரம் படாமல் உலர்வாக வைத்திருந்த ராடு, பற்றவைக்கும் முன் எஃகின் தன்மைக்கேற்ப 150 முதல் 300 டிகிரி வரை சூடாக்குதல், முடிந்ததும் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுதல், அதன் பிறகு லேத்தில் ஏற்றி டயல் கேஜ் வைத்துக் கோணல் பார்த்தல் என்று இத்தனையும் வேண்டும். கோணலாக ஒட்டிய ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கை உதைத்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் பற்றவைப்பு எப்போது சரி? குழாய் வடிவ ஷாஃப்டில், பல்லுக்கு வெகு தூரத்தில், நடுவில் விரிசல் விட்டிருக்கிறது. சாமான் கிடைக்க நாளாகும். லேத்தும் டயல் கேஜும் வைத்து முறையாகச் செய்கிற பட்டறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு பருவத்துக்குச் சரி. பல் இருக்கும் முனையில் தீயே படக் கூடாது.

## வழி 3: கடைசல் பட்டறையில் கப்ளிங்கைப் புதிதாகக் கடைவது

இது நம் ஊர்ப் பக்கத்தின் பலம். மில்களுக்கும் பம்புகளுக்கும் சாமான் கடைந்து பழகிய கைகள் இங்கே இருக்கின்றன. ஷாஃப்டின் பல் நன்றாக இருந்து கப்ளிங் மட்டும் தேய்ந்திருந்தால் இதுதான் என் முதல் தேர்வு. ஷாஃப்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதன் பல்லுக்கு ஏற்றபடியே கப்ளிங் கடைந்து தருவார்கள்.

கேட்க வேண்டியது இரண்டே விஷயம். முதலாவது, எந்த இரும்பில் கடைகிறார்கள் என்பது. பழைய அச்சுத் துண்டு, கிடைத்த கம்பி என்றால் வேண்டாம்; ஈ.என். 8 என்ற எஃகு அல்லது அதைவிட வலுவான ரகம் வாங்கிக் கடையச் சொல்லுங்கள். இரண்டாவது, உள்பல்லை எப்படி வெட்டுகிறார்கள். ஸ்லாட்டிங் மெஷினில் ஒவ்வொரு பல்லாக வெட்டும்போது பங்கீடு சற்றுப் பிசகினாலும், பாரம் முழுவதும் இரண்டு மூன்று பல்லில் மட்டும் உட்காரும். மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் வெட்டும் ஒயர் கட் முறையில் வெட்டினால் இந்தப் பிசகு வராது. அது உள்ளூரில் இல்லையென்றால் மதுரைக்கோ கோவைக்கோ அனுப்ப வேண்டிவரும். கூடுதலாக இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

காரைக்குடியில் எனக்குக் கடைந்து கொடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அந்த ஆணி விவகாரத்தின்போது, “அண்ணே, நாளைக்கே வண்டி வேண்டும், பேசாமல் பற்றவைத்துக் கொடுத்துவிடுங்கள்” என்று அவரிடம் நானே கேட்டேன். ஷாஃப்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, பற்றவைத்தால் நாளைக்கு ஓடும். அடுத்த வருடம் இதைக் கழற்ற வருகிறவன் என்னைத் திட்டுவான். மூன்று நாள் கொடு” என்றார். அந்த மூன்று நாளும் ஷாஃப்ட் இல்லாமல் பின் சக்கரத்தில் உழுதேன். அவர் கடைந்த கப்ளிங் இன்றும் என் வண்டியில் ஓடுகிறது.

இதில் மறைந்திருக்கும் செலவு கடினப்படுத்துதல். கடைந்ததோடு விட்டால் மேற்பரப்பு மென்மையாக இருக்கும், சீக்கிரம் தேயும். ஆனால் அளவுக்கு மீறிக் கடினமாக்கினால் கப்ளிங்குக்குப் பதில் ஷாஃப்டின் பல் தேயும். இரண்டில் எது தேய்ந்தால் நமக்கு நல்லது? மலிவானது தேயட்டும். ஆகவே கப்ளிங் ஷாஃப்டைவிட ஒரு படி மென்மையாகவே இருக்கட்டும். நிறுத்தப்பட்ட பழைய மாடல் வண்டிகளுக்குக் கம்பெனி சாமானே வராத நிலையில் இந்த வழியை விட்டால் வேறு வழியும் இல்லை.

## வழி 4: பழைய வண்டியிலிருந்து எடுத்த ஷாஃப்ட்

மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். பிரித்துப் போட்ட வண்டிகளின் சாமான் இரண்டு ஊர்களிலும் தேடினால் கிடைக்கும். அசல் எஃகு, அசல் அளவு. விலையும் புதியதைவிடக் குறைவு. ஆனால் மினி டிராக்டர்கள் பெரிய டிராக்டர்கள் அளவுக்கு இன்னும் பழைய இரும்புக்கு வரவில்லை. உங்கள் மாடல் கிடைப்பது அதிர்ஷ்டம். போகும்போது உங்கள் ஷாஃப்டையும் கப்ளிங்கையும் கையோடு கொண்டுபோங்கள். நீளம், பல் எண்ணிக்கை, பின் துளையின் இடம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தரையில் உருட்டிப் பார்த்துக் கோணல் இருந்தால் விட்டுவிடுங்கள். போக்குவரத்துச் செலவும் ஒரு நாளும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மிச்சம் பெரிதாக இருக்காது. கண்ணுக்கு முன் கிடைத்தால் வாங்கலாம். தேடி அலைய வேண்டாம்.

## வழி 5: புதிய ஷாஃப்ட்

ஷாஃப்டின் பல்லே தேய்ந்துவிட்டது என்றால் பேச்சே இல்லை, இதுதான். புதிய பல்லில் தேய்ந்த கப்ளிங்கை ஏற்றுவது புதுச் சேலையை முள்வேலியில் காயப்போடுவது மாதிரி. ஆகவே ஷாஃப்ட், இரு கப்ளிங், பின்கள், சர்க்ளிப், உறையின் ரப்பர் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள். விலை கேட்கும்போது ஷாஃப்டின் விலையை மட்டும் சொல்வார்கள். மற்றவற்றையும் சேர்த்துக் கூட்டிக் கேளுங்கள். மொத்தத்தில் தெரியும் வித்தியாசம்தான் உண்மையான விலை.

வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், சேஸிஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியில் நடுவில் அளவை மாற்றியிருப்பார்கள். ‘ஆர்டர் போட்டால் வந்துவிடும்’ என்பதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஊர்க் கிடங்கில் இருப்பில் இருக்கிறது, எத்தனை நாள் என்று கேளுங்கள். ரசீதோடு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் உதிரிபாகங்கள் பலவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. உங்கள் ரசீதில் என்ன விழுக்காடு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அசலைப் போலவே உறையிட்டு விற்கும் வெளிச் சாமானும் உண்டு. கப்ளிங்கிலும் சீலிலும் அதை வாங்கிப் பார்த்திருக்கிறேன், பாதகமில்லை. ஷாஃப்டில் மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் எஃகின் தரம் கண்ணுக்குத் தெரியாது.

## ஒரே பார்வையில்

| வழி | எத்தனை நாள் | கைச்செலவு | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| கழற்றி வைத்து ஓட்டுவது | அரை நாள் | மிகக் குறைவு | பிரேக் பிடிப்பும் இழுவையும் குறையும் | காய்ந்த உழவு, சாமானுக்குக் காத்திருப்பவர் |
| பற்றவைப்பது | 1 நாள் | குறைவு | பேரிங், சீல், மறுபடி அறுதல் | நடுக்குழாயில் விரிசல் மட்டும்; ஒரு பருவத்துக்கு |
| கப்ளிங் கடைவது | 3 முதல் 6 நாள் | நடுத்தரம் | தவறான இரும்பு, பல் பங்கீட்டுப் பிசகு | ஷாஃப்டின் பல் நன்றாக இருப்பவர், பழைய மாடல் |
| பழைய ஷாஃப்ட் | கிடைத்தால் 1 நாள் | நடுத்தரம் | அலைச்சல், கோணல் | உங்கள் மாடல் கையில் கிடைத்தவர் |
| புதிய ஷாஃப்ட் | இருப்பைப் பொறுத்தது | அதிகம் | காத்திருக்கும் நாள், கூட வாங்கும் சாமான் | பல் தேய்ந்தவர், லோடர், தொளி உழவு, உத்தரவாத வண்டி |

நாள் கணக்கு என் அனுபவத்தில் கண்டது. தீபாவளி, பொங்கலை ஒட்டி வந்தால் இன்னும் கூடும்.

வண்டி நிற்க வேண்டிவந்தால், காத்திருக்கும் நாளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை என்ற வாடகை முன்பதிவுச் சேவையில் டிராக்டர் முன்பதிவு செய்து பாருங்கள். விதைப்பு நேரத்தில் வரிசை நீளமாக இருக்கும் என்பதால், ஷாஃப்ட் கழன்ற அன்றே பதிவுசெய்துவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால், புரட்டாசியில் ஷாஃப்ட் கழன்று, லோடரும் தொளியும் இல்லை என்றால், அன்றைக்கே கழற்றி வைத்துவிட்டுப் பின் சக்கரத்தில் விதைப்பை முடிப்பேன். அந்த நாட்களில் ஷாஃப்டின் பல்லைப் பார்ப்பேன். பல் நன்றாக இருந்தால் கடைசல் பட்டறை, கூராகிவிட்டிருந்தால் புதியது. ஐப்பசி மழை பிடித்துத் தொளிக்குப் போவதற்குள் மாட்டிவிடுவேன்.

## மாட்டும்போது

எந்த வழியானாலும் ரோல் பின் விஷயத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள். குறைந்த விலையில் அறுந்து, விலை உயர்ந்த கியரைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அறுந்துபோகிறதே என்று கெட்டியான போல்ட்டை அடித்தால் அடுத்த தடவை முன் அச்சின் பினியன் (உள்ளிருக்கும் சிறு கியர்) பல் போகும். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைப் பின் போடும் மாடலில் இரண்டின் பிளவுகளும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும்படி அடியுங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் புதிய பின்னும் நிற்காது. அந்தக் கப்ளிங்கை மாற்றுங்கள்.

கிராஸ் உள்ள ஷாஃப்டானால் கழற்றும் முன் பஞ்ச் உளியால் புள்ளி தட்டி அடையாளம் வையுங்கள். இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி அதிரும்.

பல்லில் புதிய லித்தியம் கிரீஸ் பூசி, உறையின் ரப்பர் சீல்களைப் புதிதாகப் போடுங்கள். தொளியில் சேற்றுத் தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். மாட்டி முடித்துப் புழுதியில் இரண்டு மணி நேரம் ஃபோர் வீல் போட்டு ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உறையை ஒரு முறை பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். பின் அடித்த இடத்திலேயே இருக்கிறதா, கிரீஸ் வைத்த நிறத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உறையை மூடுங்கள்.